பூச்சு பாக்கி

சமையலறை உத்தரத்தில் தொங்கிய மட்டிப்பழக் குலையில் ஒரு பழத்தை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஆகல்ல, நாளைக்குச் சரியாவும்," என்றார் ரசலையன். அதனால் அன்றைக்குப் புட்டுக்குப் பழம் இல்லை. பயறும் பப்படமும் போட்டுச் சாப்பிட்டார். இரண்டாவது பப்படத்துக்குக் கை நீட்டினபோது மனைவி நேசபாய் இரத்தக் கொதிப்பை நினைவுபடுத்தினாள். அவர் காதில் விழாததுபோல எடுத்து நொறுக்கிக்கொண்டார். கை கழுவி, முன்னறைக்குப் போய்ப் பேப்பரை விரித்தார். அவள் சாயா கொண்டுபோய் நீட்டியபோது பேப்பர் மடியில் அப்படியே விரிந்திருந்தது. கண்ணாடியும் மூக்கில் இருந்தது. அவர் போய்விட்டிருந்தார்.

படுக்கையில் கிடக்காமல், ஒருத்தருக்கும் பாரமாகாமல் போன சாவு என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மகள் பெபிஷா மறுநாள் வந்து சேர்ந்தாள். அதற்கடுத்த நாள் அடக்கம். கொட்டாரத்துக்குக் கிழக்கே, வட்டக்கோட்டை கடற்காற்று எட்டுகிற தூரத்தில் இருந்த அந்தச் சிறிய ஊரில் சபைக்காரர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார்கள். வயல் வேலைக்காரர்களும் வந்தார்கள், வேட்டி கட்டிய பேராசிரியர்களும் வந்தார்கள். எல்லாருக்கும் வீடு கட்ட அவர் பிளான் போட்டுக் கொடுத்திருந்தார்.

அன்று மாலை துக்க வீட்டு ஜெபம் முடிந்து கட்டன்சாயா கொடுக்கும்போது, சபைக் கமிட்டிச் செயலர் ஜான்ரோஸ் நாற்காலியை நேசபாய் பக்கம் நகர்த்திப் போட்டார். மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். ரசலையனை அண்ணன் என்றும் அவளை மைனி என்றும் கூப்பிட்டே பழகியவர். செத்தவர் நினைவாகக் குடும்பத்தார் சபைக்கு ஏதாவது செய்வது அங்கே வழக்கம். வேதக்கோயிலில் சுற்றுகிற மின்விசிறி ஒவ்வொன்றின் இறக்கையிலும் ஒரு பெயர் உண்டு. தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒரு பெயர். காணிக்கைப் பையில்கூட நூலால் தைத்த பெயர். ஜான்ரோஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, அண்ணனுக்கு என்ன ஆசை பாக்கி என்று தெரிந்தால் அதையே செய்துவிடலாமே என்று கேட்டார்.

நேசபாய் வாய் திறக்கும் முன் பெபிஷா சொன்னாள்: "பாக்கி என்னன்னு ஒங்களுக்குத் தெரியாதா சித்தப்பா? அந்த அசனப்புரைச் சுவருதான். பூசணும் பூசணும்னு எத்தனை வருசமாட்டு அப்பா சொன்னாவ. சபையில ஒருத்தரும் காது குடுக்கல்ல. பூசாம போட்டதைப் பாத்துக்கிட்டே போயிட்டாவ."

ஜான்ரோஸ் குனிந்து தன் கால் பெருவிரலைப் பார்த்தார். வாசலில் நின்ற ஆட்கள் டம்ளரை ஓசையில்லாமல் கீழே வைத்தார்கள். ஒரு கிழவர் தோர்த்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிதான் மக்களே, எங்க தப்புதான்," என்றார்.

அந்த நிமிடத்தில் நேசபாய் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். அவள் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். பாவம், துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அவளுக்குக் காது மடல் கொதித்தது. அது துக்கத்தால் இல்லை.

ரசலையன் ஒருநாளும் அந்தச் சுவரைப் பூச வேண்டும் என்று சொன்னதில்லை. சொன்னவள் அவள்.

*

அசனம் என்பது பிரதிஷ்டைப் பண்டிகைக்குச் சபை மொத்தமும் சேர்ந்து பொங்கிச் சாப்பிடுகிற சாப்பாடு. வீட்டுக்கு வீடு அரிசி பிரிப்பார்கள், தேங்காய் பிரிப்பார்கள். முன்பெல்லாம் கோயில் முற்றத்தில் ஓலைப் பந்தல் போட்டு நடந்தது. முதல் பந்தியில் போதகரும் கமிட்டிக்காரர்களும் சம்பளக்காரர்களும் பெஞ்சில் உட்காருவார்கள். அடுத்த பந்தி வயலும் தோப்பும் உள்ளவர்களுக்கு. கடைசிப் பந்தி மணலில் பாய் விரித்து. அதற்குள் கறியில் துண்டு தீர்ந்து சாறுதான் மிஞ்சும். ரசலையனின் அப்பா பனையேறி. சிறுவயதில் அவர் சாப்பிட்டது கடைசிப் பந்தியில்தான். இதை அவர் பெரிய கதையாகச் சொல்லமாட்டார். ஒரே ஒரு முறை, கல்யாணமான புதிதில், "எனக்கு அசனக் கறியில எலும்புக்க ருசி தெரியும், இறைச்சிக்க ருசி தெரியாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

திருவனந்தபுரத்தில் கட்டடக்கலை படித்து, அகமதாபாத்தில் ஒரு கட்டடக்கலைஞரின் ஆபீசில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். அங்கேதான் அந்தப் பித்து பிடித்தது. பூசாத, பெயிண்ட் அடிக்காத கான்கிரீட் கட்டடங்களின் படங்கள் ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் வீடிழந்த சனங்களுக்கு ஐரோப்பாவில் ஊர் ஊராகக் கட்டிக் கொடுத்தபோது வளர்ந்த முறை அது என்று அவளுக்கு விளக்கினார். பிரஞ்சுக்காரர்கள் பேட்டோன் புரூ, அதாவது பச்சைக் கான்கிரீட், என்று சொன்னது இங்கிலீஷில் புரூட்டலிசம் என்று ஆயிற்றாம். குடியிருப்பு, பள்ளிக்கூடம், நூலகம், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் அப்படிக் கட்டினார்களாம். பணக்காரன் மாளிகைக்கு ஒரு கல், ஏழை வீட்டுக்கு ஒரு கல் என்று வேண்டாம். எல்லாருக்கும் ஒரே சிமெண்டு, ஒரே கம்பி. எது எதைத் தாங்குகிறதோ அது வெளியே தெரியட்டும். அங்கே உள்ளவர்களுக்கு அது பிடித்ததா என்று நேசபாய் கேட்டாள். பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை, சிலதை இடிக்கவும் செய்கிறார்கள் என்று அவர் மறைக்காமல் சொன்னார்.

அவள் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. அவர் சொன்னது எல்லாம் அவளுக்குப் புரிந்தது. பின்னால் அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்ல முயன்றபோதெல்லாம் குறுக்கே வந்து நின்றது இதுதான். புரியாமல் செய்தேன் என்று சொல்ல அவளுக்கு வழியில்லை.

சபை பந்தலுக்குப் பதிலாக நிரந்தரமாக ஒரு புரை கட்ட முடிவு செய்தபோது ரசலையன் பிளான் போட்டார். முதல் பந்தி, கடைசிப் பந்தி என்ற பேச்சே இருக்கக்கூடாது, சபை முழுவதும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும் என்பதுதான் கணக்கு. சுவரோடு சேர்த்தே வார்த்த கான்கிரீட் இருக்கை. அதற்கு முன்னால் இலை போட ஒரு மேடை. இரண்டும் அறைக்குள் வளைந்து வளைந்து திரும்பி, தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும். தலைமாடு என்று ஓர் இடம் கிடையாது. மேலே கனத்த உத்தரங்கள். உத்தரத்துக்குக் கீழே காற்று புக நீளமான இடைவெளி. சுவர் கரடுமுரடாக, பலகையின் வரி வரியாக அப்படியே விடப்பட்டது. பெயர்க்கல் பதிக்க அந்தச் சுவரில் சமதளமாக ஒரு சாண் இடம்கூட இல்லை. தெரிந்தேதான் அவர் அப்படிச் செய்தார்.

கான்கிரீட் வார்க்கப் பலகை வேண்டியிருந்தது. வாடகைக்கு எடுக்காமல் வீட்டுக்கு ஒன்றாக இரவல் கேட்டார். கட்டில் பலகை வந்தது. மாட்டுத் தொழுவத்துப் பலகை, அயினி மரக் கதவு, பழைய பள்ளிக்கூட பெஞ்சு எல்லாம் வந்தன. நேசபாய் சமையலறைப் பரண் பலகையை மனசில்லாமல் கழற்றிக் கொடுத்தாள். திரும்பி வந்த பலகைகளில் சிமெண்டு ஒட்டியிருக்கிறதென்று பெண்கள் ஒரு மாதம் ஏசினார்கள். ஆனால் சுவரில் ஒவ்வொரு வீட்டு மரத்தின் ரேகையும் கணுவும் விழுந்திருந்தது. யாருடையது எது என்று சொல்ல முடியாது. ரசலையன் சாரத்தைப் பிரித்த அன்று உள்ளங்கையால் சுவரைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். "முடிஞ்சாச்சு," என்றார்.

ஊருக்கு அது முடிந்ததாகத் தெரியவில்லை. நாஞ்சில்நாட்டில் பூசாத சுவருக்கு ஓர் அர்த்தம் உண்டு. கட்டத் தொடங்கினவனுக்குப் பணமுடை, வளைகுடாவில் வேலை போயிற்று, இல்லாவிட்டால் அண்ணன் தம்பிக்குள் வழக்கு. ஓலை வீட்டில்கூட மானமாக இருக்கலாம். பூசாத வீட்டில் இருப்பவன் ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் தன் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அதனால்தான் அரைகுறை வீட்டுக்காரர்கள்கூட ரோட்டைப் பார்த்த சுவரை மட்டுமாவது பூசிப் பச்சையோ ரோஸோ அடித்துவிடுவார்கள். அசனப்புரைக்கு ஜெயில் என்று ஒரு பெயர் விழுந்தது, பங்கர் என்று இன்னொன்று. பிசாசு வந்தாலும் முட்டிக்கொண்டு திரும்பிப் போகும் என்று வாலிபர்கள் சொன்னார்கள். ஆனால் உள்ளே ஒரே பந்தியில் எல்லாரும் சாப்பிட்டார்கள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நல்லதாக இருந்தால் பேச்சு வராது, அது மனுச சுபாவம்.

முதல் அசனத்தன்று நாகர்கோவிலிலிருந்து வந்த ஒரு டாக்டரின் மனைவி, பட்டுச்சேலை கான்கிரீட்டில் உரசாமல் நுனியில் உட்கார்ந்துகொண்டு நேசபாயிடம் கேட்டாள்: "டீச்சர், இதைப் பூசல்லியா? துட்டு தட்டிப்போச்சா?" கேட்டதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. சுற்றி நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நேசபாய்க்கு முகத்தில் வெயில் பட்டதுபோல இருந்தது. தன் புருஷன் ஏமாந்துபோன காண்டிராக்டரைப் போலத் தோன்றுகிறாரே என்று நினைத்தாள். "பூச்சு பாக்கி இருக்கு. அடுத்த வருசம் பூசணும்னுதான் அவிய சொல்லியிருக்காவ," என்றாள். டாக்டர் மனைவி தலையாட்டிவிட்டுச் சாப்பாட்டைப் பார்த்தாள். அவ்வளவு எளிதாக இருந்தது.

அடுத்த வருடம் வேறொருத்தி கேட்டாள். அதே பதில். பிறகு கேட்காமலே சொல்லத் தொடங்கினாள். பெபிஷா மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது ஒருநாள் அழுதுகொண்டு வந்தாள். ஒங்க அப்பனுக்குப் பூசத் தெரியாது என்று பிள்ளைகள் கேலி செய்தார்களாம். நேசபாய் அவளை மடியில் போட்டுக்கொண்டு, அப்பாவுக்குப் பூச ஆசைதான், கமிட்டிக்காரர்கள்தான் இழுத்தடிக்கிறார்கள் என்று சொன்னாள். பிள்ளை அழுகையை நிறுத்தியது. அப்பாவிடம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதே என்றும் சேர்த்துச் சொன்னாள். பெபிஷா கேட்கவே இல்லை. அந்தக் கோபத்தை அவள் சபைமேல் வைத்து வளர்த்துக்கொண்டாள்.

ஒரே ஒரு தடவை அது ரசலையன் காதில் விழுந்துவிட்டது. அதுவும் ஓர் அசனத்தில்தான். நேசபாய் யாரோ ஒரு சொந்தக்காரியிடம் வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டுத் திரும்பினால், அவர் சாம்பார் வாளியோடு பின்னால் நிற்கிறார். அகப்பை வாளிக்குள் இருந்தது. அவர் அவளைப் பார்த்தார். பிறகு சொந்தக்காரியின் இலையில் குனிந்து, "சாம்பார் விடட்டா?" என்று கேட்டார். வீட்டுக்கு நடக்கும்போது கூட்டில் உப்பு கூடிப்போயிற்று என்று மட்டும் சொன்னார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், அழுதிருக்கலாம். அவர் கேட்கவில்லை. படப் பெட்டியை அதற்குப் பிறகு அவள் முன்னால் திறந்ததும் இல்லை. கட்டடம் பற்றிப் பேச வேண்டுமானால் ஜான்ரோஸ் வீட்டுக்குப் போனார்.

*

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் ஜான்ரோஸ் அறிவிப்பு வாசித்தார். மறைந்த ரசலையன் அவர்களின் நிறைவேறாத ஆசையான அசனப்புரைப் பூச்சு வேலையைச் சபையாரே சேர்ந்து, கூலி இல்லாமல், வரும் பண்டிகைக்குள் முடிப்பது என்றும், முன்சுவரில் அவர் பெயரில் ஒரு கிரானைட் கல் பதிப்பது என்றும் கமிட்டி தீர்மானித்திருந்தது. சபையில் கொத்தனார்கள் நிறையப் பேர். கை தூக்குங்கள் என்றதும் தூக்கினார்கள். பெண்கள் சாயாவும் கப்பைக் கிழங்கும் எங்கள் பொறுப்பு என்றார்கள். சபையைச் சேராத, பக்கத்து ஊர் அய்யாவழிக்காரரான குமாரதாஸ், சிமெண்டுக் கடைக்காரர், ரசலையன் தன் வீட்டுக்குப் பிளான் போட்டவர் என்பதற்காகத் தானும் ஒரு லோடு மணல் இறக்குவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். நேசபாய் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். அவர் வாழ்நாளெல்லாம் பார்க்க ஆசைப்பட்டது இதுதான், சபை மொத்தமும் ஒரே வேலையில் ஒன்றாக இறங்குவது. அது அவர் செய்ததை மூடுவதற்காக நடக்கப்போகிறது. பக்கத்திலிருந்தவள் அவள் கையைப் பிடித்து அமுக்கினாள்.

மறுநாள் சொல்லிவிடுவது என்று ஜான்ரோஸ் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலிலேயே எழுந்து நின்றார். அவள் தொடங்கும் முன்பே அவர் பேசத் தொடங்கிவிட்டார். அண்ணன் எத்தனை நாள் தன் வீட்டில் வந்து உட்கார்ந்து அந்தப் புரையைப் பற்றிப் பேசியிருக்கிறார், ஒரு நாளும் பூச்சு என்று வாய்விட்டுக் கேட்கவில்லையே, கேட்டால் சபைக்குக் கஷ்டம் என்று நினைத்து விழுங்கிக்கொண்டாரே என்று சொன்னார். "எங்களுக்கு வெக்கமாட்டு இருக்கு மைனி. அண்ணனுக்க போட்டோவைப் பாக்க முடியல்ல," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நேசபாய் அவர் வீட்டு மல்லிகைப் பந்தலைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

சனிக்கிழமை காலை சத்தம் கேட்டது. பூச்சு பிடிக்க வேண்டுமானால் பழைய சுவரை முதலில் உளியால் கொத்திப் புள்ளி போட வேண்டும்; அதைத்தான் தொடங்கியிருந்தார்கள். பல உளிகள் ஒரே நேரத்தில் விழுந்தன. வீட்டிலிருந்து அசனப்புரை இரண்டு தோப்பு தள்ளித்தான். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நேசபாய் குழாயை மூடினாள். மூடினால் இன்னும் தெளிவாகக் கேட்டது. திரும்பத் திறந்தாள். கொஞ்ச நேரம் தண்ணீர் சும்மா ஓடியது. பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, செருப்பு போடக்கூட நினைவில்லாமல் இறங்கி நடந்தாள்.

ரோட்டைப் பார்த்த கிழக்குச் சுவரில் உள்ளேயும் வெளியேயும் சாரம் கட்டியிருந்தார்கள். சுவர் ஏறக்குறைய முழுவதும் அம்மைத் தழும்பு போலப் புள்ளி விழுந்து வெளுத்துக் கிடந்தது. கீழே தூள். சாயாவுக்காக எல்லாரும் அப்போதுதான் இறங்கியிருந்தார்கள். பெபிஷா தலையில் துண்டு கட்டிக்கொண்டு டம்ளர் நீட்டிக்கொண்டிருந்தாள். இந்த ஒரு வாரத்தில் அவள் முகத்தில் முதல்முறையாக ஒரு தெளிவு இருந்தது. ஜான்ரோஸ், "மைனிக்கு ஒரு நாற்காலி போடுங்கடே," என்றார்.

நேசபாய் உட்காரவில்லை. "நிறுத்துங்க," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். "அவிய பூசணும்னு ஒருநாளும் சொன்னதில்ல. முடிச்சாச்சுன்னுதான் சொன்னாவ. பூச்சு பாக்கின்னு ஊரெல்லாம் சொன்னது நான். அது பொய்."

யாரும் திடுக்கிடவில்லை. ஜான்ரோஸ் நாற்காலியைக் கையாலேயே துடைத்து அவள் பக்கம் வைத்தார். "சபைக்குச் சள்ளை, கஷ்டம்னு நினைச்சுத்தானே மைனி இப்பிடிச் சொல்லுதிய. அண்ணனும் இப்பிடித்தான், ஒண்ணும் வேண்டாம் வேண்டாம்பாவ. நீங்க பேசாம இருங்க. எங்க கையால செய்யுறது எங்களுக்குச் சந்தோசம்." ஒரு கொத்தனார், டீச்சருக்குச் சாயா கொடு, வெயிலில் வந்திருக்கிறார்கள் என்றார்.

அவள் சொன்ன பொய்யை இத்தனை வருடம் நம்பினார்கள். உண்மையை இப்போது மரியாதை என்று எடுத்துக்கொள்கிறார்கள். பேசாமல் திரும்பிவிடலாம் என்ற எண்ணம் அந்த இடத்திலும் அவளுக்கு வந்தது. சொல்லியாயிற்று, நம்பாவிட்டால் நான் என்ன செய்ய என்று. அந்த எண்ணம் வந்ததே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"சள்ளைக்காகச் சொல்லல்ல ஜான்ரோஸ். வெக்கத்தில சொன்னேன். துட்டு தட்டிப்போச்சான்னு ஒருத்தி கேட்டா. நாலு பேரு திரும்பிப் பாத்தாவ. எனக்க மாப்பிள்ளை செய்த வேலைய, எனக்கு இதுதான் பிடிச்சிருக்குன்னு சொல்ல வாய் வரல்ல. அவியளுக்கும் தெரியும். நான் சொன்னதைச் சாம்பார் வாளியோட பின்னால நின்னு கேட்டாவ."

இதை அவர்கள் நம்பினார்கள். பூசாத சுவருக்கு முன்னால் நின்று வெட்கப்படுவது என்றால் என்ன என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். ஜான்ரோஸ் அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்துவிட்டார். உளி வைத்திருந்தவர்கள் உளியைப் பார்த்தார்கள். கடைசியில், துக்க வீட்டில் தோர்த்தால் முகம் துடைத்த அந்தக் கிழவர், சுவரின் மூலையில் கொத்தாமல் மிஞ்சியிருந்த ஒரு பலகை ரேகையை விரலால் தொட்டு, "எங்க வீட்டுத் தொழுவத்துப் பலகை இங்கனதான் எங்கயோ போட்டாவ. எங்க அம்மை சாவுற வரைக்கும் ஏசினா," என்றார். யாரோ ஒருத்தர் சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டார்.

பெபிஷா டம்ளர்த் தட்டைக் கீழே வைத்தாள். துண்டை அவிழ்த்தாள். "எனக்கு எட்டு வயசு. கமிட்டிக்காரங்கதான் விடமாட்டங்காவன்னு சொன்னிய," என்றாள். குரல் உயரவில்லை. "அண்ணைக்கு எல்லாரு முன்னாலயும் சித்தப்பாவை நான் ஏசினேன். நீங்க பக்கத்தில இருந்திய." அவள் சாரத்துக்கு அப்பால் நடந்து தென்னைகளுக்குள் போய்விட்டாள். நேசபாய் பின்னால் போகவில்லை.

*

கமிட்டி அன்று மாலையே அசனப்புரைக்குள் கூடியது. நேசபாயையும் வரச்சொன்னார்கள். ஒருத்தரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. போதகர் பார்வையைக் கூரையில் வைத்துக்கொண்டார். சிலர், கை வைத்தாயிற்று, இனி நாலு சுவரையும் பூசுவதுதான் முறை, இல்லாவிட்டால் பார்க்கிறவன் சிரிப்பான் என்றார்கள். ஜான்ரோஸ் வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அண்ணன் முடிந்தது என்று சொன்னால் முடிந்ததுதான் என்றார். கொத்திய சுவரை அப்படியே விட முடியாது. உப்புக்காற்று உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும். அதனால் கிழக்குச் சுவரை மட்டும் உள்ளும் புறமும் பூசுவது, மற்ற மூன்றையும் தொடாமல் விடுவது என்று முடிவாயிற்று. கொத்திய ரேகையைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று நேசபாய் கேட்டாள். முடியாது டீச்சர் என்று ஒரு கொத்தனார் தணிவாகச் சொன்னார்.

கிரானைட் கல் ஏற்கனவே வெட்டி வந்திருந்தது. பொன் எழுத்தில் அவர் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. பதிக்க இப்போது சமதளமான ஒரு சுவரும் இருந்தது. பதிக்க வேண்டாம் என்று நேசபாய் சொன்னபோது ஜான்ரோஸ் தலையாட்டினார். ஆனால் சபையாரிடம் என்ன காரணம் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை, அவளும் சொல்லித்தரவில்லை. கல் கோயில் பின்னறை அலமாரிக்குப் பின்னால் சாக்கு சுற்றி வைக்கப்பட்டது.

அப்படித்தான் அசனப்புரைக்குப் பூசிய சுவர் ஒன்று வந்தது, சந்தன நிறத்தில், வழவழவென்று. மற்ற மூன்றும் மழைக்கறையோடு கறுப்பாக. முன்பு அது முடிந்த கட்டடம். முடியவில்லை என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது யார் பார்த்தாலும் நடுவில் விட்டுப்போன வேலை என்றுதான் தோன்றும், அதில் பொய் ஒன்றும் இல்லை. ரோட்டில் போகிறவர்களுக்குச் சந்தன நிறச் சுவர் மட்டும் தெரிந்தது. பரவாயில்லை, கடைசியில் பூசிவிட்டார்களே என்று சிலர் அவளிடமே சொன்னார்கள். அவள் ஒவ்வொருவரையும் நிறுத்தி, பூசியது தப்பு, என்னால் நடந்தது என்று சொன்னாள். முதலில் சங்கடப்பட்டார்கள். பிறகு டீச்சருக்குப் புருஷன் போனதிலிருந்து கொஞ்சம் ஒரு மாதிரி என்று பேச்சு பரவியது. அது அவள் காதுக்கும் வந்தது. அவள் சொல்வதை நிறுத்தவில்லை.

மஸ்கட்டுக்குத் திரும்பும் முன் பெபிஷா அப்பாவின் படப் பெட்டியைக் கேட்டாள். எடுத்துக்கொண்டு போனாள். வாரத்துக்கு ஒரு முறை போன் செய்கிறாள். மாத்திரை போட்டியளா, மீன் கிடைத்ததா என்று கேட்கிறாள். நேசபாய் பதில் சொல்கிறாள். பிறகு பெபிஷா போனை வைத்துவிடுகிறாள்.

பண்டிகை வந்தது. அசனத்தன்று நேசபாய் எங்கே உட்கார்ந்தாலும் எதிரே அந்தச் சந்தன நிறச் சுவர் தெரிந்தது. இருக்கை அப்படி வளைந்து வளைந்து போகிறது. வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண், மற்றதையும் எப்போது பூசுவார்கள் என்று கேட்டாள். நேசபாய் அவளிடமும் சொன்னாள், முதலிலிருந்து, சாம்பார் வாளி உட்பட. அந்தப் பெண்ணுக்குப் பாதியில் சோறு இறங்கவில்லை. ஜான்ரோஸ் தூரத்தில் நின்று பார்த்தார், குறுக்கே வரவில்லை. பிறகு இலையில் கறி விளம்ப வந்தபோது, "மைனி, சாப்பிடுங்க," என்று மட்டும் சொன்னார்.

சாப்பாடு முடிந்து இலை எடுத்தார்கள். வாலிபர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து, மேடையிலும் தரையிலும் கண்ட கண்ட இடத்தில் ஊற்றினார்கள். தரையில் ரசலையன் விட்டிருந்த சரிவு கண்ணுக்குத் தெரியாது. எங்கே ஊற்றினாலும் தண்ணீர் ஒரு மூலையிலும் தேங்காமல் தானே வாசலைத் தேடி ஓடி, பருக்கையையும் இலைத் துணுக்கையும் அள்ளிக்கொண்டு, வெளியே தென்னந்தூரில் போய் இறங்கியது.